வெள்ளையம்மாள் விழுந்த கிணறு

1938 மார்ச் 3, வியாழன். திண்டிவனம்.

வெள்ளையம்மாள் வழுக்கி விழுந்தாளா, தானாகவே இறங்கினாளா? தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப் போவதுமில்லை.

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு காலையில் எங்கள் பள்ளிக் கிணற்றில் மிதந்தாள். கிணற்றை இறைத்து, சேறு வாரி, மருந்து போட்டாயிற்று. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அவள் பேயாக அதில் இருக்கிறாள் என்று டீச்சர்கள் தொடுவதில்லை. அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் தொடுவதில்லை. பள்ளியில் வேறு தண்ணீர் இல்லை; இன்று வெயிலில் தாகத்தோடு இரண்டு மாணவிகள் மயங்கி விழுந்தார்கள்.

மார்ச் 4

பள்ளி மானேஜர் பாண்டுரங்கன் வந்தார். "அடுத்த வெள்ளிக்குள்ள உங்க டீச்சருங்க அந்தத் தண்ணியக் குடிக்கணும். இல்லன்னா மழை வர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்த மூடிடுவேம்மா. தலைமை டீச்சரு நீங்கதான் சொல்லணும்."

மூடினால் எட்டாம் வகுப்புப் பெண்களுக்குப் பரீட்சை இல்லை. வீட்டுக்குப் போனவள் எவள் திரும்பி வருவாள்? கல்யாணம் முடித்துவிடுவார்கள்.

மார்ச் 7

டீச்சர்களைக் கூட்டி, விழுப்புரத்து டாக்டர் தண்ணீரைப் பார்த்துச் சொன்னதை எல்லாம் விளக்கினேன். "சரிங்கம்மா" என்றார்கள். ஒருத்தியும் குடிக்கவில்லை. வெளியே போகும்போது தையல் டீச்சர் சவுரியம்மாள் சொன்னது காதில் விழுந்தது: "இவங்க பேசறது புரியணும்னா அந்தப் பேயும் பி.ஏ. படிச்சிருக்கணும்டி." எனக்கே சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 8

நானே இறைத்து, அவர்கள் எதிரில் குடித்தேன். செய்து காட்டினால் வரமாட்டார்களா?

மார்ச் 9

வரவில்லை. நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கிணற்று ராட்டினத்தின் கிறீச் சத்தம் வகுப்பில் கேட்கிறது. வீட்டிலும் கேட்கிறது. என் வீட்டில் கிணறு இல்லை.

மார்ச் 10

டீச்சர் அம்மணி என் அறைக்கு வந்தாள். வெள்ளையம்மாளோடு தினமும் ஒன்றாகச் சாப்பிட்டவள்.

"ஒண்ணு கேக்கறேங்க, கோவிச்சுக்காதீங்க. வாளி மேல வர்றப்ப ஏங்க மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிறீங்க? கண்ண மூடிக்கினு குடிக்கிறீங்க. நீங்களே பயந்துக்கினு இருந்தா நாங்க எப்படிங்க?"

"எனக்கென்ன பயம்?" என்றேன்.

அவள் நகரவில்லை. "அவ பேர எடுக்கக் கூடாதுன்னீங்க. அவ நாற்காலியத் தூக்கி உள்ள போட்டுட்டீங்க. அப்ப அவ எங்கதாங்க இருப்பா? கெணத்துலதான்."

பேய்ப் பேச்சு பரவக் கூடாதென்றுதானே அப்படிச் செய்தேன்! இவர்கள் என் பேச்சைக் கேட்பதே இல்லை என்று நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறார்கள் — அந்த ஒன்றை மட்டும். என் முகத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

பயம்தான். ஆமா, பயம்தான். நான் குனிஞ்சா அவ அங்கேருந்து நிமிந்து பாப்பாளோன்னு... நாற்பத்தெட்டு வயசில். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

மார்ச் 11

மணி அடிக்குமுன் அந்த நாற்காலியை எடுத்துத் துடைத்து அவள் இடத்தில் போட்டேன். பிறகு எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. பயத்தை மறைக்கவில்லை. "வெள்ளையம்மா" என்றேன். குரல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. பின்னால் யாரோ விம்மினார்கள்.

பாதிக்கு மேல் வாளியை இழுக்க முடியவில்லை. "உடுங்க, நான் இழுக்கறேன்" என்று அம்மணி கயிற்றை வாங்கிக்கொண்டாள். முதலில் அவள் குடித்தாள். அப்புறம் சவுரியம்மாள். ஒருத்தி மட்டும் குடிக்கவில்லை; வற்புறுத்தவில்லை. பாண்டுரங்கன் வந்து பார்த்துவிட்டு, "திங்கக்கிழமையும் மணி அடிங்கம்மா" என்று சொல்லிப் போனார்.

மத்தியானம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீருக்கு வந்தார்கள். நான் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்து, "நமஸ்காரம் டீச்சர்" என்று உள்ளே சொல்லிவிட்டுத்தான் குடித்தார்கள். நான் தடுக்கவில்லை.