பெட்டிக்குள் சிரிப்பவள்

டுபியூக், அயோவா
12 நவம்பர் 1970

அன்புள்ள ஆர்லீன் அக்காவுக்கு,

மூவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். லோவெல் நண்பர்களோடு பந்து உருட்டும் பௌலிங் ஆடப் போயிருக்கிறார். ட்ரூடிக்குச் சளி விட்டபாடில்லை. அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

உன் ஸ்டுடியோவில் ஒரு காரியம் ஆக வேண்டும். கல்லூரி விடுமுறையில் வந்தபோது, வசனமே இல்லாத ஒரு கோமாளிக் காட்சிக்கு என்னை உட்கார வைத்தாயே. அன்று நான் சிரித்ததைப் பதிவு செய்து, எட்டு வருடமாக எல்லா டிவித் தொடர்களிலும் ஜோக்குகளுக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். அந்தக் கூட்டச் சிரிப்பின் முடிவில் விக்கல் மாதிரி ஏறுவது நானேதான். தொடரில் மனைவி காரை மரத்தில் மோதினாலும் சிரிக்கிறேன். மாமியாரைத் திட்டினாலும் சிரிக்கிறேன். "கேளுங்கப்பா, என் பொண்டாட்டி சிரிக்கிறா. பெட்டிக்குள்ள நல்லாத்தான் சிரிப்பா, வெளியிலதான் உம்முனு இருக்கா" என்று நண்பர்களிடம் சொல்கிறார் லோவெல். அவர்களுக்கு பீர் ஊற்றுவது நான்.

ட்ரூடியிடமும் அப்படியே சொல்லிவைத்திருக்கிறார். நேற்று அவள் டிவிக்குப் பின்னால் போய், கம்பிகளுக்கிடையே கையை விட்டுத் தேடுகிறாள்.

"என்னடி பண்றே?"

"சிரிக்கிற அம்மா எங்கே?"

மூன்று வயது, அக்கா. அவளிடம் நான் சிரித்ததே இல்லையா? அந்த நாடாவிலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்.

உன் மார்லிஸ்

பர்பேங்க், கலிபோர்னியா
23 நவம்பர் 1970

அன்பு மார்லி,

ஒலிப்பதிவு வாலஸிடம் கேட்டேன். "அந்த விக்கல் பொண்ணா? நாப்பது பேரோட கலந்து கிடக்கிறாம்மா. அவளை மட்டும் எப்படிப் பிரிக்கிறது?" என்று கையை விரித்துவிட்டார்.

ஆனால் ஜனவரியில் தொடங்கும் புதுத் தொடருக்குப் பெட்டிச் சிரிப்பே கிடையாதாம். ஆட்களை நேரில் உட்கார வைக்கிறார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முடி வளர்த்த பையன்கள். போரைக் கிண்டல் செய்கிறார்கள். கூட எழுதும் ஒரு பெண், புருஷன்மாரை. ஒத்திகையில் ஒரு பெரியவர் மாமியார் ஜோக் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா நினைவு வந்தது. ரேடியோவில் ஸ்வீடன்காரன் திணறித் திணறி இங்கிலீஷ் பேசினால் எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பாரே. தானும் ஸ்வீடனிலிருந்து வந்தவர், மறுநாள் கடையில் வாயைத் திறக்காமல், கையால் காட்டித்தான் சாமான் வாங்குவார்.

தொடரை நேரில் பார்க்க டிக்கெட் இலவசம். மூவரும் வாருங்கள். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். ட்ரூடியைத் தன் ஒலிப்பதிவுக் கண்ணாடி அறையில் வைத்துக்கொள்வதாக வாலஸ் சொல்கிறார்.

முத்தங்களுடன்,
ஆர்லீன்

டுபியூக்
2 டிசம்பர் 1970

அன்புள்ள அக்கா,

லோவெலிடம் சொன்னேன். "சிரிக்கிறதுக்கு ரெண்டாயிரம் மைலா? அதான் இங்கேயே சிரிக்கிறியே" என்று டிவியைக் காட்டினார். அது சிரித்தது. ட்ரூடி எட்டிப் பார்த்தாள். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன். "எதுக்குடி?" என்றார்.

அப்பா கூச்சக்காரர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி ரயிலில் ட்ரூடியும் நானும் வருகிறோம். சளி மருந்தை இப்போதே பையில் வைத்துவிட்டேன். திரும்புவதற்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. அதை இவரிடம் சொல்லவுமில்லை.

கண்ணாடி அறையிலிருந்து நான் உட்காரும் வரிசை தெரியுமா என்று வாலஸிடம் கேட்டு எழுது. எனக்குச் சிரிப்பு வராமலே போகலாம். சிரிக்காத அம்மா பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பதையாவது அவள் பார்க்கட்டும்.

மார்லிஸ்