ஆட்டுக் கொட்டகையில் பந்தி வஞ்சனை

புவனகிரி,
18.11.2010

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா கொளஞ்சியம்மாள் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். விடுதி அறையில் மற்ற பெண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

இங்கே பத்து நாளாக அடைமழை. வெள்ளாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அப்பாவுக்கு முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். உன் வெண்மதி அக்கா வழக்கம்போலச் சிதம்பரத்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். நாள் முழுக்க நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருகிறாள். ஆட்டுக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

போன வாரம் நீ போனில் அழுதாய். சிவப்புக் கயிறு ஆட்டுக்கறிக்கும் பச்சைக் கயிறு ஆட்டுக்கறிக்கும் கொழுப்பில் வித்தியாசமே இல்லையாம், தாது உப்பால் பலன் இல்லை என்றுதான் ஆராய்ச்சிப் புத்தகத்தில் எழுதப் போகிறாயாம், இரண்டு வருஷக் கால்நடைப் படிப்பும் வீணாம். அப்படி எழுதாதே கண்ணு. உன் உப்பின் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் இந்தக் கொளஞ்சியின் கையில்தான்.

நீ படித்துப் படித்துத்தான் சொன்னாய். உன் ஆராய்ச்சிக்காக வளர்த்த பன்னிரண்டில் சிவப்புக் கயிறு கட்டிய ஆறு ஆட்டுக்கும் தீவனத்தில் உப்புப் பொட்டலத்தைக் கலக்க வேண்டும், பச்சைக் கயிறு ஆறுக்கும் வெறும் தீவனம், இது மாறினால் எல்லாம் பாழ் என்றாய். குரோமியமோ என்னவோ, கொழுப்பைக் குறைத்துக் கறியைக் கூட்டுகிற சத்து என்றாய். பதினைந்து நாள் நீ சொன்னபடிதான் வைத்தேன்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகையில் நின்று நான் பொட்டலம் கலப்பதைப் பார்த்தாள். பச்சைக் கயிறு ஆடுகளைக் காட்டி, "ஏம்மா, இதுங்களுக்கு மட்டும் கெடையாதா? எல்லாம் ஒரே சந்தையில வாங்குன குட்டிங்கதான?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு மார்க் எடுத்தவள் அவள். ஒருத்தியைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று வந்தபோது, சின்னதுதான் கெட்டிக்காரி, அது படிக்கட்டும் என்று சொன்னது அப்பா இல்லை, நான். ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைத்த பாவி நான். அதற்காக அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் ஆட்டைப் பற்றித்தான் கேட்டாள்.

மறுநாள் பச்சைக் கயிறு ஆறும் தட்டிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. பந்தியில் வஞ்சனை செய்தால் அந்தக் குடும்பம் உருப்படாது என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தார்கள். பொட்டலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் கலந்துவிட்டேன். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். நீ கொடுத்த நோட்டில் மட்டும் ஒழுங்காக டிக் போட்டு வந்தேன். ஆட்டுக்கு உப்பு வைத்ததில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். முழுகித்தான் போச்சு.

அறுத்த அன்றைக்கே கறிக்கடை தங்கராசு கேட்டார்: "இன்னாக்கா, பன்னெண்டு ஆட்டுலயும் குண்டிக்காய சுத்திக் கொழுப்பையே காணோம்? கறியும் ஜாஸ்தி, செவசெவன்னு இருக்குது. அப்படி என்னாதான் போட்டு வளத்தீங்க?" நீ அந்தப் பக்கம் ஐஸ் பெட்டியில் கறித்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். உன் காதில் விழவில்லை. எனக்கு நன்றாக விழுந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தையே உங்கள் பேராசிரியரிடம் காட்டு. அவர் சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி. மறுபடியும் பன்னிரண்டு குட்டி வளர்க்கச் சொன்னால் தழை ஒடித்துப் போடுகிறேன், புழுக்கை கூட்டுகிறேன். பொட்டலத்தை மட்டும் என்னிடம் கொடுக்காதே. நீயே வந்திருந்து வை. ஆறைப் பார்க்கவைத்து ஆறுக்குப் போட இனிமேல் என்னால் ஆகாது. உடம்பு ஓய்ந்துவிட்டது, மனசும் ஓய்ந்துவிட்டது.

இன்னொன்று. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. வாரம் தவறாமல் போன் போட்டு, ஒவ்வொரு ஆடும் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று கேட்பாய். அக்காதான் தூக்கி நிறுத்தி எடை பார்த்துச் சொல்வாள். இந்த வருஷம் அவள் இளைத்துத் துரும்பாகிவிட்டாள். அடுத்த தடவை பேசும்போது அவள் சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை கேளு கண்ணு.

தில்லை நடராசனாவது உங்கள் இரண்டு பேரையும் ஒரே கண்ணால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா,
கொளஞ்சியம்மாள்