அடுத்த வீட்டுக்காரியின் குதிகால்

பழவேற்காடு
பிரமோதூத வருஷம், ஐப்பசி 11

சௌபாக்கியவதி ஜெயம்மாவுக்கு உன் நாத்தனார் நாகம்மாள் சொல்லி எழுதுவித்தது. இங்கே என் நைனா, உன் மாமனார், சுகம், நானும் சுகம். நாகப்பட்டினத்தில் நீயும் என் தம்பி நீலமேகமும் சுகமாக இருக்கிற சேதிக்கு மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன். ஒல்லாந்துக் கும்பெனி ஊர் மாறினால் அதன் படகு தள்ளுகிறவர்களும் மாறத்தான் வேண்டும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் புறப்பட்ட அன்று மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்ட நீ, என் பக்கம் திரும்பவே இல்லை. போகட்டும்.

நைனாவுக்கு வலது கையும் காலும் முன்போலத்தான், அசைவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தெளிந்ததும் முதல் வேலையாகக் கூழில் உப்பில்லை என்று ஆரம்பித்துவிட்டார். "ஜெயம்மா கை வேற" என்கிறார். காலையில் முகம் கழுவிவிட்டு, கூழ் கொடுத்து, வாசலில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு மீன்கூடையோடு கிளம்புகிறேன். திரும்பி வந்து தூக்கி உள்ளே கிடத்துகிறேன். நாலு வருஷம் நீ செய்ததை நான் செய்யமாட்டேனா?

மழை நன்றாகப் பிடித்து, ஏரி கடலோடு கலந்துவிட்டது. இறால் அள்ள அள்ள வருகிறது.

இன்னொரு விஷயம். இங்கே இருந்தபோது காலுக்கு ஏதோ இலை வைத்துக் கட்டுவாயே, அது என்ன இலை? அடுத்த வீட்டுக்காரிக்குக் குதிகாலில் வலியாம். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறினதுபோல் இருக்கிறதாம். அவள்தான் கேட்கச் சொன்னாள்.

உன் சேதியை எதிர்பார்க்கும்,
நாகம்மாள்
(எழுதினது, கும்பெனித் துணிக்கிடங்கில் எழுத்து வேலை பார்க்கும் திருவேங்கடம்)


நாகப்பட்டினம்
கார்த்திகை 6

அண்ணிக்கு ஜெயம்மாவின் நமஸ்காரம். காகிதம் வந்தது. உங்கள் தம்பி சுகம். இங்கே கடல் மூர்க்கமாக இருப்பதால் ஒரு மாதமாகப் படகு இறக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வலையை முடிகிறேன் என்று சிக்கலாக்கிக்கொண்டிருக்கிறார். இதை எழுதுகிறவள் பக்கத்து வீட்டு செசிலியா. மாதா கோயில் பள்ளியில் படித்தவள், நல்லவள். அதனால் மனசில் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் திரும்பிப் பார்க்காதது நிஜம்தான். ஆனி மாதம் கிணற்றடியில் நாலு பெண்கள் நடுவே நீங்கள் சொன்னீர்களே, மாமனாரைப் பார்க்கச் சோம்பிக்கொண்டு கால்வலி என்று நடிக்கிறாள் என்று. நான் குடத்தோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அன்றைக்கு அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுதவில்லை.

அடுத்த வீட்டுக்காரிக்கு மருந்து கேட்டிருந்தீர்கள். எருக்கிலையில் நல்லெண்ணெய் தடவி, சுட்ட செங்கல்மேல் வைத்து, பொறுக்கிற சூட்டில் அதன்மேல் குதிகாலை அழுத்தச் சொல்லுங்கள். விழித்ததும் நிற்கக்கூடாது. பாயிலேயே உட்கார்ந்து, கால் விரல்களைக் கையால் தன் பக்கம் இழுத்து, ஐம்பது எண்ணிவிட்டுத்தான் எழ வேண்டும். வலையில் கட்டுகிற மிதவைக் கட்டை ஒன்றைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டுவதும் நல்லது. முக்கியமாக, தூக்க முடியாத ஆளை ஒண்டியாகத் தூக்க வேண்டாம். அவள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரோ என்னவோ.

அடுத்த வீட்டில் மாணிக்கம் மட்டும்தானே தனிக்கட்டையாக இருந்தார்? அவருக்குக் கல்யாணம் ஆன சேதியை நீங்கள் எழுதவே இல்லையே.

மாமாவுக்கு என் நமஸ்காரம். கூழைக் காய்ச்சும்போது உப்புப் போடாமல், இறக்கினபிறகு போடுங்கள்.

ஜெயம்மா


பழவேற்காடு
மார்கழி 2

ஜெயம்மா,

மாணிக்கத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வீட்டில் எந்தப் பெண்ணும் இல்லை. உன் கடுதாசியை வாசித்த திருவேங்கடம் அந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். எனக்கு அழுகைதான் வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், வாசலில் இருந்த நைனாவைத் தூக்கினேன். பாதி தூக்கினபோது குதிகாலில் சுருக்கென்று ஏறி, கால் மடங்கிவிட்டது. இரண்டு பேரும் விழுந்தோம். அவர் என்மேல் விழுந்ததால் அவருக்கு அடியில்லை. தரையில் கிடந்தபடியே, "உனக்கு அடி பட்டுச்சா, இன்னா?" என்று கேட்டார். மாணிக்கம் ஓடிவந்து தூக்கினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு நான் எழ முடியாமல் போனால் இவரை யார் பார்ப்பார்கள் என்று பயந்தேன். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. இதே பயத்தோடுதானே நாலு வருஷம் இந்த வீட்டில் நடந்திருப்பாய்? அதைப் பார்த்துத்தானே நடிக்கிறாள் என்றேன்?

மறுநாள் காலையில் கிணற்றடிக்குப் போனேன். அன்றைக்குக் கேட்டவர்களில் குப்பம்மாவும் லோகாம்பாளும் இருந்தார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், "ஜெயம்மா நடிக்கல. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்." லோகாம்பாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இத்தினி நாள் கழிச்சி இன்னாத்துக்கு இப்ப?" என்றாள். "இப்பதான் என் காலுக்குத் தெரிஞ்சிது" என்றேன். குப்பம்மா என் குடத்தைத் தன் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று திருவேங்கடம் எழுதுகோலைக் கீழே வைத்தார். எழுதுங்கள், ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள் என்றேன்.

என்னை மன்னித்துக்கொள்.

நாகம்மாள்


நாகப்பட்டினம்
தை 9

அண்ணிக்கு,

செசிலியா உங்கள் கடுதாசியை இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை, மனப்பாடமாகிவிட்டது. உங்கள்மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. ஆனால் நீங்கள் அவ்வளவு சொன்னபிறகு நான் ஒன்றை மறைக்கக்கூடாது.

நானும் அவ்வளவு நல்லவள் இல்லை. படகு கிளம்பினபோது எனக்கு அழுகை வரவில்லை, மூச்சு வந்தது. சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. போன வருஷம் வைகாசியில் ஒரு நாள், கால் வீங்கி, நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. மாமா தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், தட்டிவிட்டுவிட்டார். மறுபடி கேட்டார். நான் போகவில்லை. அடுப்பங்கரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சிவேளை வரைக்கும் அவர் நாக்கு வறண்டு கிடந்தார். பிறகு ஓடிப்போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். உங்கள் தம்பியிடம் அதை அவர் சொல்லவும் இல்லை. அந்தப் பார்வையை இங்கேயும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். முடிந்தால் அவரிடம் கேளுங்கள், ஞாபகம் இருக்கிறதா என்று. கேட்காவிட்டாலும் சரி.

இனி நீங்கள் அவரைத் தூக்கக்கூடாது. மாணிக்கத்திடம் சொல்லி, விட்டத்திலிருந்து நல்ல கயிறாக ஒன்றைப் பாய்க்கு நேராகத் தொங்கவிடுங்கள். மாமாவின் இடது கை இன்னும் வலைக்காரன் கைதான். அவரே இழுத்து எழுந்துவிடுவார், நீங்கள் முதுகைத் தாங்கினால் போதும். இங்கே செசிலியா தன் புருஷனுக்கு இப்படித்தான் செய்திருக்கிறாள். அங்கே இருந்தபோது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

என் கால் இப்போது நன்றாக இருக்கிறது. உங்கள் கால் எப்படி என்று எழுதுங்கள். அடுத்த வீட்டுக்காரியின் கால் வேண்டாம்.

ஜெயம்மா


பழவேற்காடு
மாசி 14

என் ஜெயம்மாவுக்கு,

கயிறு கட்டியாகிவிட்டது. மாணிக்கம் போட்ட முடிச்சு நைனாவுக்குப் பிடிக்கவில்லை. அவிழ்க்கச் சொல்லி, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் தானே முடிச்சுப் போட்டார். ஒரு நாழிகை ஆனது, யாரையும் தொடவிடவில்லை. பிறகு பிடித்து இழுத்து எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார் பார், பெரிய மீன் பிடித்தவன்போல. இப்போது வேண்டியதற்கும் எழுகிறார், வேண்டாததற்கும் எழுகிறார். உப்புப் புகாரும் நின்றுவிட்டது.

என் கால் முழுக்கச் சரியாகவில்லை. காலையில் முதல் நாலு அடி இன்னும் கடிக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது. குப்பம்மா தினமும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிடுகிறாள். அவள் வந்ததும் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து விரலை இழுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறோம். அவளுக்கும் இதே வலிதானாம், ஆறு வருஷமாக. யாரிடமும் சொன்னதில்லையாம்.

தண்ணீர் விஷயத்தை நைனாவிடம் கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது அவருக்கு. சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "அன்னிக்கு அவ கால் வீக்கத்த நான் பாத்தேன். பாத்துக்கினே சொம்பத் தட்டி உட்டேன். என் கோவம் எனக்கு. அத யார்கிட்ட போய் சொல்லுவேன்?" பிறகு, "அவ காதப் பொத்திக்கினு அழுதது எனக்குக் கேட்டுது" என்றார்.

இதுதான் அவர் சொன்னது. இனி அந்தப் பார்வையை இறக்கி வைத்துவிடு.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டால் வேலைக்குக் கூப்பிடுகிறேன் என்று உனக்குத் தோன்றும். அங்கே உனக்கு மூச்சு வருகிறது என்றாய், அது எனக்குச் சந்தோஷம்தான். ஏரியில் மடவை மீன் நன்றாகப் படுகிறது. உப்புப் போட்டுக் காயவைத்து ஒரு கூடை கட்டியிருக்கிறேன். கடல் அடங்கிவிட்டதால் நாளை கிளம்புகிற கும்பெனிப் படகில் அனுப்புகிறேன். பாதி செசிலியாவுக்கு.

கூடை நான் முடைந்தது, எனக்கு அது திரும்ப வேண்டும். படகில் கொடுத்து அனுப்பினாலும் சரி, நீயே கொண்டுவந்தாலும் சரி.

உன் அண்ணி,
நாகம்மாள்