ஐயா என்ற சொல்

பால் திருடன் ஜிப்ரிலாவுக்கு,

பத்து வருடமாக உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறேன். நீ என்னை 'அடிமை' என்பாய். மாடு மேய்க்கும் உங்கள் ஃபுலானி இனத்துக்கும் கம்பு விதைக்கும் எங்கள் கனூரி இனத்துக்கும் கேலி முறை. எவ்வளவு திட்டினாலும் கோபப்படக் கூடாது. நான் ஒருமுறை கோபப்பட்டுவிட்டேன்.

அன்று புழுதி செம்மண் சுவர்போல வந்தது. மணல் இரண்டு முறை மூடிய வயலில், மூன்றாவதாக விதைத்த கம்பு அப்போதுதான் முளைவிட்டிருந்தது. மிரண்ட மாடுகள் அதை மிதித்துக்கொண்டு ஓடின. என் கையே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு குரல் சிரித்தது.

"டேய் அடிமை, மாடு மிதிச்சாத்தான்டா உன் கம்பு நல்லா வளரும்."

முகத்தில் சுற்றிய துணிக்குள்ளிருந்து வந்த குரல், யாருடையது என்று தெரியவில்லை. எவனோ வழிப்போக்கன் ஏளனம் செய்கிறான் என்று நினைத்தேன். கையில் கோடரி இருந்தது. மூன்று முறை ஓங்கினேன்.

புழுதி அடங்கியதும் துணியை விலக்கிப் பார்த்தேன். உன் தம்பி சம்போ. பல்லெல்லாம் மணல்.

நேற்று உன் ஆள் வந்தான். "'ஐயா வீட்லதான் இருப்பாரா'ன்னு அண்ணன் கேட்டாரு" என்றான். நீ ஒருநாளும் என்னை ஐயா என்றதில்லை. நமக்குள் கேலி முறை முடிந்தது என்று புரிந்துகொண்டேன்.

மனைவியையும் பிள்ளைகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில்தான் இருப்பேன். வந்ததும் ஒரே ஒருமுறை பழையபடி திட்டிவிட்டு, பிறகு வந்த காரியத்தைச் செய்.

இப்படிக்கு,
உன் அடிமை