ஆண்கள் இல்லாத வீடு

அனுவின் அம்மாவுக்கு,

நீ உன் தாய்வீட்டுக்குப் போன பிறகு நம் நாய் சின்னானைக் காப்பகத்தில் விட்டுவிட்டேன். நேற்று அங்கிருந்து யோகப்பிரியா என்ற பெண் பேசினாள்.

“வயசு பன்னெண்டாச்சுங்க. ஆம்பளைங்க கிட்ட வந்தாலே கடிக்குது. பொம்பளைங்க மட்டும் இருக்கற ஊட்ல கொஞ்ச நாள் வெச்சுப் பார்க்கோணுங்க.”

உன்னைக் கேட்காமல் பெருமாட்டியில் உள்ள உன் தாய்வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். வேண்டாமென்றால் அவளிடம் சொல்லிவிடு.

“ஏனுங்க இப்படி ஆச்சு?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

உனக்குத் தெரியும். அதை அடிக்கும்போது நீ குறுக்கே வந்தாய். அப்போதும் நான் கையை நிறுத்தவில்லை.

இன்று காலை அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை நாங்களே கொண்டுபோய் விட்டுர்றோம். நீங்க வர வேண்டாங்க” என்றாள்.

வரமாட்டேன்.

அனுவின் அப்பன்