பட்டை கழற்றிய வண்டி

அண்ணா,

நேற்று உன் மகன் ஜோசப் தன் காரை சர்வீசுக்கு விட்டான். வீட்டில் தனியாக இருப்பானேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஓசூர் பைபாஸ் ஓரத்துப் பட்டறை. நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மெக்கானிக் முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றி என் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனார். அதன் கழுத்தில் எண்ணெய் கசிந்து, புழுதியோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாக இறுகியிருந்தது. சூடான இரும்பு, பழைய எண்ணெய், ரப்பர். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அறுபதுகளின் கடைசி வருடங்களுக்கே போய்விட்டேன். எண்பதைத் தாண்டிய கிழவி பட்டறையில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, புகை பட்டுவிட்டது என்று நினைத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள்.

உன் பச்சை வண்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடமிருந்து நீ வாங்கியது. திறந்த மேல்புறம், இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. நீ வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பினால் மாந்தோப்புக் கிளிகள் ஒன்று மிச்சமில்லாமல் பறந்துவிடும். சென்னைக்கு வெளியே யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போவாய். பந்தயத்துக்காகவே அதன் பட்டைகளைக் கடினமாக்கினாய். சக்கரங்களுக்கு மேலே வில் போல வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். அவைதான் அந்த வண்டிக்கு ஸ்பிரிங். எல்லாச் சக்கரங்களுக்கும் கூடுதலாகப் பட்டை ஏற்றினாய். வளைவில் வண்டி சாயாது என்றாய். சாயவில்லை, உண்மைதான். ஆனால் மத்திகிரியில் நம் வீட்டிலிருந்து ஓசூர் மாதா கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் பற்கள் ஆடிவிடும். நான் புலம்பினால், "ரோடு எப்படியிருக்குன்னு முதுகுதான் பாப்பா சொல்லணும்" என்பாய்.

அந்த முதுகுதான் போயிற்று. பந்தயத்தில் ஒரு கீறல்கூடப் படாத நீ, நம் கிணற்றில் பம்புசெட் இறக்க உதவப்போய் பாசி படிந்த படியில் சறுக்கி விழுந்தாய். ஃபேக்டரி வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, பெங்களூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கை. திரும்பி வந்தபோது கையில் ஊன்றுகோல் இருந்தது. இடது கால் மரத்துப் போயிருந்தது. "அதிர்ச்சியே படக்கூடாது. பஸ்ல போறதா இருந்தாக்கூட முன்சீட்டுல உட்காருங்க" என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நீ கொட்டகைப் பக்கம் திரும்புவதே இல்லை. காலைக்கடன் முடிக்கக்கூடத் தோப்பைச் சுற்றிக்கொண்டு போனாய். யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்" என்பாய். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன் அப்போது. விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாத பெண்களை நான் விட்டதே இல்லை.

கடைசியில் அப்பாதான் பேசினார். "வித்துடலாம்டா. உன்கூடப் பந்தயம் ஓட்டுனவரு ஒருத்தர் பெங்களூர்லர்ந்து கேட்டுட்டே இருக்காரு. ஈஸ்டர் முடிஞ்சதும் வரச் சொல்லட்டுமா? அது கொட்டாயில கெடக்கறதும், நீ அந்தப் பக்கமே பாக்காம நடக்கறதும், என்னால ஆவலப்பா."

நீ, "வரச் சொல்லுங்க" என்றாய். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை.

அன்று மாலை கொட்டகைக்குப் போய் நான் தார்ப்பாயை இழுத்தேன். ஊன்றுகோல் சத்தம் பின்னால் வந்து வாசலோடு நின்றது.

"என்ன பண்ற?"

"பட்டையக் கழட்டிட்டா மெத்துனு போகாதா? நீதான சொல்லியிருக்க, பட்டை ஏத்தினா கடினம்னு."

"மெத்துனு போறதுக்கு மாட்டு வண்டி போதும் பாப்பா. இது பந்தய வண்டி."

"பந்தயத்துக்கு நீ போவப்போறியா?"

கேட்டுவிட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்தது. நீ வாசலைத் தாண்டி உள்ளே வந்தாய். பிறகு, "விக்கறதுக்கு முன்னாடி சூளகிரி வரைக்கும் ஒரு தடவ போய்ட்டு வரலாம். இப்ப இருக்கற மாதிரியே. நீ ஓட்டு" என்றாய்.

அப்பாவின் ஜீப்பை ஓட்டிப் பழகியவள்தான் நான். ஆனாலும் புடவை கட்டிய பெண் அப்படி ஒரு வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டினால் என்ன ஆகும்? எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலுக்கு ஒரு தலை. நீ நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாலையில் மழை தோண்டிய குழிகள், அவற்றில் சரளை கொட்டி மூடிய திட்டுகள். "எப்படியிருக்கு?" என்றால் "அருமையா இருக்கு" என்றாய். உன் கை மட்டும் கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. சூளகிரியில் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். "நீ போய்க் குடி. நான் மலையப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றாய். உன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அது வெயிலால் நனைந்த சட்டை இல்லை. உன்னால் எழுந்து இறங்க முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் டீ குடிக்கவில்லை.

டீக்கடைக்கு அடுத்தாற்போல் லாரிகளுக்குப் பட்டை கட்டும் நாகராஜ் மேஸ்திரியின் பட்டறை. அவருக்கு வீட்டில் தெலுங்கு, கல்லாவில் கன்னடம், கோபம் வந்தால் தமிழ். நான் போய்க் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"லாரிக்காரங்க எல்லாம் பட்டை சேத்துக் கட்டுன்னுதாம்மா வருவாங்க. கழட்டச் சொல்லி வந்தது நீங்க ஒருத்தர்தான். ஆய்த்து, பண்ணித் தரேன். அப்புறம் வண்டி குதிக்குதுன்னு என்கிட்ட வரக்கூடாது."

நீ ஏற்றியிருந்த கூடுதல் பட்டைகளை எல்லாம் அடுத்த வாரம் அவர் எடுத்துவிட்டார். நீ பட்டறைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, எந்தப் பட்டை, எந்த வரிசை என்று விரலால் காட்டினாய். வேண்டாவெறுப்பாகத்தான். ஆனால் அவர் ஒரு பட்டையை மாற்றி வைத்தபோது ஊன்றுகோல் இல்லாமலே எழுந்துவிட்டாய். அதை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன்.

பட்டை கழற்றிய வண்டி மேஸ்திரி சொன்னபடியே குதித்தது. ஒரு குழியில் இறங்கினால் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அடுத்த குழி வரும்வரை ஆடிக்கொண்டே போயிற்று. சாலையே தண்ணீராகி அதன்மேல் மிதப்பது போலிருந்தது. "எப்படியிருக்கு?" என்றேன். "முன்னைக்கு இப்ப தேவல. ஒண்ணுமில்ல, ஓட்டு" என்றாய். கை அதே கதவு விளிம்பில் இருந்தது.

ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"வலிக்குதா?"

"இல்லங்கறேன்ல."

"உன் கையப் பாருண்ணா."

நீ கையைப் பார்த்தாய். மெதுவாகக் கதவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு நீ சொன்னாதான் இந்த வண்டிக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியும். நீ சொல்லலன்னா நாளைக்கே அந்தப் பெங்களூர்க்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணுமில்ல."

உனக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக் கத்தினாய். "வலிக்குதுன்னு ஒரு தடவ சொல்லிட்டா அப்புறம் நான் நோயாளி பாப்பா! அப்பா என் முகத்தப் பாத்துட்டே சாப்பிடுவாரு. ஃபேக்டரில எனக்கு உக்காந்து பாக்கற வேலையா பாத்துக் குடுப்பாங்க. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் 'பாவம்'பான். சொல்லாத வரைக்கும் நான் நானாவே இருக்கேன். அதுவாவது இருக்கட்டுமே."

மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வேறு பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் நீ அழுதாய். அம்மா இறந்தபோதுகூட நீ அழுது நான் பார்த்ததில்லை. முகத்தை மூடவில்லை, அப்படியே உட்கார்ந்து அழுதாய்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்குச் சொல்வது போலச் சொன்னாய்:

"முன்னாடி கடினமா இருந்தப்ப, குழியில விழுற நேரத்துல வலிச்சுது. கத்தி சொருகுன மாதிரி. இப்ப விழும்போது ஒண்ணும் தெரியல. நெசமாவே தெரியல. வண்டி மேல தூக்குது பாரு, அப்பதான் வலிக்குது. இடுப்புலர்ந்து கால் வரைக்கும் இழுக்குது."

சொல்லி முடித்ததும் உன் முகம் மாறியது. நீயே சொன்னதை நீயே கேட்டாய்.

"தூக்கும்போது," என்று மறுபடி சொன்னாய். "அப்படின்னா பட்டை சரியாத்தான் இருக்கு. ஷாக்குதான் போச்சு. குழிய முழுங்கறது பட்டை. முழுங்கினத திருப்பித் துப்பாம பிடிச்சு வெக்கறது ஷாக். துரை காலத்து ஷாக் இது, உள்ள எண்ணெயே இருக்காது. பாப்பா, சாவியக் குடு. இல்ல, நீயே ஓட்டு. மேஸ்திரி கடை சாத்தறதுக்குள்ள போவணும்."

அதன் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. குழல் மாதிரி நீளமான புதுவகை ஷாக் பெங்களூரில் கிடைக்கும் என்றாய். ஜீப்புக்கு உள்ளது வேண்டாம். அது மேலே எழுவதைப் பிடிக்கும், ஆனால் விழும்போதும் இறுக்கும். சின்னக் காருக்கு உள்ளதுதான் வேண்டும். அதிலும் அழுத்தினால் லேசாக இறங்கி, இழுத்தால் கனமாக வருவதாகப் பார்த்து எடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினாய். நான் பஸ் ஏறிப் போய், கடைக்காரர் முறைக்க முறைக்க ஒவ்வொன்றையும் தரையில் ஊன்றி அழுத்தி இழுத்துப் பார்த்து வாங்கி வந்தேன். வண்டியில் அதை மாட்டுவதற்கு இடமே கிடையாது. மேஸ்திரி வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்புத் துண்டுகளை வெல்டிங் வைத்து இடம் உண்டாக்கினார். "சார், ரெண்டு விரல் சாய்ச்சு வெக்கட்டா?" "ஒரு விரல் போதும் மேஸ்திரி." இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சண்டை போட்டீர்கள். இடையில் நீ நிமிர்ந்து, "கொஞ்சம் இருங்க, முதுகு வலிக்குது, படுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்தாய். மேஸ்திரி "படுங்க சார்" என்று பீடி பற்றவைத்தார். யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் தடவை போனபோது ஒவ்வொரு குழிக்கும் நீ வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாய். "இது பரவால்ல. இது கொஞ்சம் வலிச்சுது. இது தெரியவே இல்ல." வண்டி குழியில் இறங்கும், ஒருமுறை எழும், அடங்கிவிடும். சூளகிரி வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். "இன்னும் போ" என்றாய். கிருஷ்ணகிரி அணை வரை போனோம். நீயாகவே கதவைத் திறந்து இறங்கி, ஊன்றுகோலோடு தண்ணீர் ஓரம் வரை நடந்து போனாய்.

ஈஸ்டர் முடிந்து பெங்களூர்க்காரர் வந்தார். மாட்டுப் பண்ணை வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர் முகம் சுருங்கியிருந்தது. "என்னப்பா இப்படிக் கெடுத்து வெச்சிருக்க? வளைவுல ஒரு பக்கமா சாயுதே. இத வெச்சு என்ன பந்தயம் ஓட்டறது?"

நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சிரித்தாய். விழுந்ததற்குப் பிறகு நீ அப்படிச் சிரித்தது அன்றுதான்.

"ஆமாங்க, கெடுத்துட்டோம். எனக்கு முதுகுல அடி. கடினமா இருந்தா உக்கார முடியல. அதான் எனக்குத் தகுந்த மாதிரி பண்ணிக்கிட்டேன். உங்களுக்கு ஆவாது."

அவர் காபி குடித்துவிட்டுப் போனார். அப்பா கொட்டகை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "அப்ப ஞாயித்துக்கெழம கோயிலுக்கு நீங்க ரெண்டு பேரும் இதுலயே போயிடுங்க. நான் டவுன் பஸ்ல வந்துடறேன்."

நீ ஃபேக்டரிக்குத் திரும்பினாய். வரைபடப் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். கால் ஓரளவு தேறியதும் நீயே ஓட்டினாய். கல்யாணம், ஜோசப், மூக்கண்டப்பள்ளியில் சொந்த வீடு, எல்லாம் வந்தது. வலி கடைசி வரை போகவில்லை. ஆனால் அதைப் பற்றி நீ யாரிடமும் பொய் சொல்லவும் இல்லை. அண்ணி உன்னோடு அத்தனை வருடம் நிம்மதியாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் "தைரியமா இருங்க டீச்சர்" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். எல்லாரும் போன பிறகு ஒருநாள் ஜோசப் என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அத்தை, நல்லாருக்கீங்கல்ல?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவன் போய்விடுவான். அவனுக்கும் அது சுலபம், எனக்கும் சுலபம்.

"இல்லப்பா," என்றேன். "பகல் முழுக்க சமாளிச்சிடறேன். சாயங்காலம் உங்கப்பா தினமும் எனக்குப் போன் பண்ற நேரம் வருது பாரு, அப்ப முடியல."

அவன் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்கும்தான் அத்தை" என்றான். இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு அவன் எங்கே இருந்தாலும் எனக்குப் போன் செய்கிறான். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்கிறான், நான் உள்ளதைச் சொல்கிறேன்.

உன்,
பாப்பா