யாரையும் கேட்காத வழி

பெக்சைடு, ஸ்கெல்தோர்ப்
யார்க்‌ஷயர்
11 மார்ச் 1974

அன்புள்ள தம்பி ஹெட்லிக்கு,

அக்கா எனிட் எழுதுவது. நீ, ஐலா, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? என் கணவர் ஆர்னால்டு இறந்துபோனபோது நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கோபம் ஒன்றுமில்லை. பேனாவை எடுத்தால் கை தானாக ‘நாங்கள்’ என்று எழுதிவிடுகிறது. அதை அடித்துவிட்டு ‘நான்’ என்று எழுதப் பிடிக்காமல் மூடி வைத்துவிடுவேன். இப்போது எழுதியே ஆக வேண்டிய காரியம் வந்துவிட்டது.

நம் ஸ்டேஷனை மூடியது உனக்குத் தெரியும். வண்டிகள் நிற்காமல் போகின்றன. இப்போது சரக்கு முற்றத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, பழைய தண்டவாளங்களை அடுக்கி வைக்கப் போகிறார்களாம். நம் வீட்டிலிருந்து ஊர்ச் சாலைக்குப் போக அந்த முற்றத்தை விட்டால் ஏது வழி? ‘ரயில்வே நிலம். பொது வழி அல்ல. ஜூன் முதல் வாயில் பூட்டப்படும்’ என்று பலகை வைத்துவிட்டார்கள். மேட்டைச் சுற்றி ஓடையில் இறங்கிப் போகலாம். மழைக்காலத்தில் அங்கே ஆடுகூட இறங்காது. “அந்தப் பக்கமா என் லாரி வராதும்மா, நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க” என்று நிலக்கரிக்காரர் இப்போதே கை விரித்துவிட்டார்.

வக்கீல் கௌலிங்கைப் போய்ப் பார்த்தேன். “இத்தனை வருஷமா நடக்கிறோமே, அது எங்க பாத்தியதை ஆயிடலையா?” என்று கேட்டேன்.

“வேற யார் நிலமா இருந்தாலும் இருபது வருஷம் நடந்தா போதும். ஸ்டேஷன் முற்றத்துல அது நடக்காது. நாப்பத்தொம்பதுல சட்டம் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனை வருஷம் நடந்தாலும் கணக்குல சேராது. அதுக்கு முன்னாடியே இருபது வருஷம் முடிஞ்சிருந்தா மட்டும்தான் வாதாடலாம்” என்றார்.

அப்பா இந்த வீட்டுக்கு வந்தது இருபத்தொன்றில். ஆக, நாற்பத்தொன்றிலேயே அந்த இருபது வருஷம் முடிந்துவிட்டது.

“எப்படி நடந்தீங்கங்கறதும் இருக்கு. ஒளிஞ்சு நடந்திருக்கக் கூடாது. பூட்டை உடைச்சு நடந்திருக்கக் கூடாது. அனுமதி கேட்டும் நடந்திருக்கக் கூடாது.”

“கேட்டு நடந்தா நல்லதுதானே?”

“கேட்டுட்டா, அது அவங்க காட்டுன தயவு. கேட்காம நடந்தாத்தான் உரிமை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் அப்பா யாரையாவது கேட்டு நடக்கிற மனிதரா? தேவாலயத்தில்கூட அரைகுறையாகத்தானே தலை குனிவார்.

வீட்டுக்குச் சொந்தக்காரி நான் சொன்னால் மட்டும் போதாதாம். அந்தக் காலத்தைப் பார்த்த இன்னொருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். நீ ஒருவன்தான் மிச்சம். நாற்பத்தெட்டில் கப்பல் ஏறும்வரை தினம் அந்த முற்றத்தில் நடந்தவன் நீ. ‘நடந்தோம், யாரையும் கேட்கவில்லை’ என்று எழுது. அது போதும்.

இங்கே முட்டை போடுகிற கோழி மூன்றுதான். சாப்பிட ஆள் ஒன்று என்பதால் அதுவே மிஞ்சுகிறது.

உன் அன்பு அக்கா,
எனிட்


ஒட்டாகோ, நியூசிலாந்து
2 ஏப்ரல் 1974

என் அருமை அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் ஐலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பிரிச்சுப் படிங்க முதல்ல, உறையத் தடவிக்கிட்டு நிக்காம” என்றாள்.

படித்த பிறகு இரண்டு நாள் ஆடுகளைப் பார்க்கவும் மனம் ஓடவில்லை. அக்கா, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்பா கேட்டார்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் டெனிசனிடம் போவார். பெரியவனான பிறகு நானும் கூடப் போயிருக்கிறேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்வார். “இந்த வருஷமும் உங்க முற்றத்து வழியா போய் வந்துக்கலாமாங்க?” என்பார். “இதையெல்லாம் கேக்கணுமாய்யா, போங்க வாங்க” என்பார் டெனிசன். பிறகு இருவரும் பன்றி விலையைப் பற்றிப் பேசுவார்கள். திரும்பி வரும்போது, “வீட்ல பொம்பளைங்ககிட்ட இதச் சொல்லாத” என்பார் அப்பா. நானும் சொன்னதில்லை. சொல்லக் கூடாத பெரிய விஷயம் என்று தோன்றியதும் இல்லை.

இப்போது நான் என்ன எழுதட்டும்? உள்ளதை எழுதினால் உன் வழி போய்விடும். நீ கேட்கிறபடி எழுதினால் பொய்ச் சத்தியம்.

இங்கே வந்துவிடேன். பின்பக்க அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலை. ஐலாவும் மனதார அழைக்கிறாள்.

உன் தம்பி,
ஹெட்லி


பெக்சைடு
20 ஏப்ரல் 1974

ஹெட்லி,

உன் கடிதம் கிடைத்தது.

அப்பா படுக்கையில் கிடந்த நான்கு வருஷமும் அவரைத் தூக்கி உட்காரவைத்தவள் நான். ஊட்டிவிட்டவள் நான். ஒரு நாளும் அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல முடிந்தது. நீயோ மூட்டையைக் கட்டிக்கொண்டு உலகத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாய். அங்கிருந்துகொண்டு, எனக்கென்று இருந்த அப்பாவையும் எடுத்துக்கொள்கிறாய்.

வர முடியாது. ஆர்னால்டு இங்கே இருக்கிறார். ஞாயிறுதோறும் அந்த முற்றம் வழியாகத்தான் அவரைப் பார்க்கப் போகிறேன். உன் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

டெனிசன் போய்விட்டார். அப்பாவும் போய்விட்டார். இது தெரிந்த ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். நான் உன்னிடம் பணம் காசு கேட்டதில்லை. ஒரே ஒரு வாக்கியம் கேட்கிறேன். அதைத் தரமுடியாவிட்டால் இனி எழுத வேண்டாம்.

எனிட்


ஒட்டாகோ
6 மே 1974

என் அருமை அக்காவுக்கு,

நீ கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊர் நீதிபதி முன்னால் வேதாகமத்தில் கை வைத்துச் சொல்லி, கையெழுத்துப் போட்டேன். ‘என் தந்தை எந்தக் காலத்திலும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை’ என்று தெளிவாகவே இருக்கிறது.

ஐலா இரவுச் சாப்பாட்டைச் சமையலறையில் தனியாக முடித்துக்கொண்டாள். “உங்க அக்காவுக்காகத்தான் செஞ்சீங்க, தெரியுது. ஆனா கொஞ்ச நேரம் என்னச் சும்மா விடுங்க” என்றாள். நாளைக்குச் சரியாகிவிடுவாள்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றுமில்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தவள் நீதான். அந்த வழி உன்னுடையது.

பதில் போடு அக்கா. கோழிகளைப் பற்றி எழுதினால்கூடப் போதும்.

உன் தம்பி,
ஹெட்லி


பெக்சைடு
3 நவம்பர் 1974

அன்புள்ள தம்பிக்கு,

நீ இடையில் போட்ட மூன்று கடிதமும் வந்தன. என்ன ஆயிற்று என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாய். தவிக்க விட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்.

உன் காகிதம் கிடைத்த மறுநாளே அதைக் கௌலிங்கிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். நம் அப்பாவைப் பற்றி அந்தக் காகிதம் சொன்ன ஒவ்வொன்றும் நான் வாழ்நாளெல்லாம் நம்பியது. ஆனால் அவர் வாயால் கேட்கும்போது யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பற்றிப் படிப்பது போல இருந்தது.

“பிரமாதம். ரயில்வே வக்கீல் இவரை நேர்ல கூப்பிட்டு நிறுத்திக் கேட்டாலும் இதையே சொல்வாரா?” என்றார்.

“சொல்வான். நான் கேட்டா எதையும் சொல்வான்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நானும் அப்போதுதான் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டேன். கை நீட்டிக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். “டீ குடிக்கிறீங்களா, திருமதி அம்ப்பிள்பி?” என்றார். குடித்தேன். வீட்டுக்கு வந்து காகிதத்தை அடுப்பில் போட்டேன். ஐலாவிடம் சொல்லிவிடு.

பிறகு ரயில்வேக்கு நானே எழுதினேன். உரிமை என்ற சொல் இல்லாமல் எழுதினேன். தயவுசெய்து என்று ஆரம்பித்தேன். அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவர்மேல் இருந்த கோபமும் அதோடு போய்விட்டது.

ஆகஸ்டில் அனுமதி வந்தது. எனக்கு மட்டும், என் காலம்வரை. நிலக்கரி வண்டி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம். எனக்குப் பிறகு வீட்டுக்கு வழி கிடையாது. உன் பெண் ரோனாவுக்கு எழுதி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். வழியில்லாத வீட்டை வைத்து அவள் என்ன செய்வாள்? ஆகவே, நீ குறை நினைக்காதே.

வாயிலுக்குப் பூட்டு. சாவி சிக்னல் அறையில். ஒவ்வொரு தடவையும் அதன் கீழே போய் நின்று கூப்பிட வேண்டும். முதல் நாள் வெட்கமாக இருந்தது. மழையில் நின்றுகொண்டு என் வீட்டிலிருந்து வெளியே போக நான் கெஞ்சுவதா என்று திரும்பிவிடப் பார்த்தேன். அங்கே கிளிஃப் என்று ஒருவர், முன்பல் இல்லாதவர். “ராணியம்மா கிளம்பியாச்சா?” என்று படியிறங்கி வருவார். ரொட்டி வாங்கப் போகிறேனா, ஆர்னால்டைப் பார்க்கப் போகிறேனா என்று என் உடுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். சில நாள் எனக்கு ஊரில் எந்த வேலையும் இருக்காது. இருந்தாலும் போவேன்.

உன் மலையறைக்கு வர மாட்டேன், தம்பி. கூப்பிட்டதற்கு உனக்கும் ஐலாவுக்கும் என் நன்றி. நீ எழுதிக்கொண்டே இரு. நானும் எழுதுகிறேன்.

போன வாரம் கிளிஃப் லீவில் போயிருந்தார். புது ஆள் இருந்தான். ஜன்னலைத் திறக்காமலே, “யாருங்க?” என்றான். பெயரைச் சொன்னேன். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. ஜன்னலைத் திறந்து, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றான். அந்த வாரத்தில் என் பெயரை நான் சொன்னதும் அப்போது மட்டும்தான், யாரும் கேட்டதும் அப்போது மட்டும்தான். எனிட் அம்ப்பிள்பி, பெக்சைடு வீடு என்று அவசரப்படாமல் முழுசாகச் சொன்னேன்.

உன் அக்கா,
எனிட்